சத்தமாகப் படித்தால் சாயம் வெளுத்துவிடும்: சில ஃபேண்டசி புத்தகங்கள் பற்றி

டோல்கீனின் 'தி ஹாபிட்' இன்னும் அச்சேறாமல் தட்டச்சுப் பிரதியாகப் பதிப்பாளர் மேசையில் இருந்தபோது, இதைப் போடலாமா என்று அவர் கேட்டது தன் மகனிடம். பையனுக்கு அப்போது பத்து வயது. படித்துவிட்டு, கதை நன்றாக இருக்கிறது, ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங். இது 1936இல் நடந்தது, புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. பத்து வயதுக்காரன் தன் வயதை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டு 'சின்னப் பசங்களுக்கு நல்லா இருக்கும்' என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறான் பாருங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பத்து வயது இருக்கிறது, அதே தோரணைதான்.

பின்னட்டையில் 8+, 10+ என்று போட்டிருப்பதை நான் நம்புவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. என் சோதனை ஒன்றே ஒன்று: இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் இருபது நிமிடம், மகளுக்கும் தம்பி மகனுக்கும் (அவனுக்கு ஆறு) சத்தமாகப் படிப்பது. கையில் ஆங்கிலப் புத்தகம், வாயில் தமிழ். கண்ணால் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியம் வாயில் வந்து சிக்கும். யார் பேசுகிறார்கள் என்று தெரியாத உரையாடல், பக்கம் பக்கமாக மலையையும் மேகத்தையும் வர்ணிக்கிற இடம், ஆசிரியருக்கே அலுத்துப்போன அத்தியாயம், எல்லாம் அங்கேயே சாயம் வெளுத்துவிடும். நான் தூக்கம் தாங்காமல் ஒரு பத்தியைத் தாண்டினால் இரண்டில் ஒன்று கட்டாயம் பிடித்துவிடும், "பெரியப்பா, அவன் எப்படிக் கதவத் திறந்தான்?" என்று. அப்படிப் பிடிபட்டால் புத்தகம் நல்ல புத்தகம். பிடிபடாவிட்டால் அந்தப் பத்தி அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை.

சரி, 'ஹாபிட்' முதலில். பில்போ என்கிற குட்டை ஆள், குள்ளர் கூட்டம் ஒன்றோடு டிராகனிடமிருந்து புதையலை மீட்கக் கிளம்புகிற கதை. இந்தப் புத்தகத்தின் உயிர் டிராகனில் இல்லை, ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறது. இருட்டுக் குகை, தண்ணீர் ஓரம், பில்போவும், 'கோலும்' என்று பெயர்கொண்ட அந்த வழுவழுப்பான ஜந்துவும் மாற்றி மாற்றி விடுகதை போடுகிறார்கள், பில்போ தோற்றால் அது அவனைத் தின்றுவிடும். விடுகதை தமிழுக்குச் சொந்தச் சரக்கு என்பதால் மொழிபெயர்க்கக் கஷ்டமே படவில்லை. விடை பல் என்றால் நம்மிடம் இருக்கிற பல் விடுகதையைப் போட்டுவிடலாம், கதை ஒன்றும் கெட்டுப்போகாது. நான் விடையைச் சொல்வதற்கு முன் இரண்டு பேரும் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, 1937 பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி. அதில் 'கோலும்', தான் தோற்றால் தன் மந்திர மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான், தோற்றதும் தேடிப்பார்க்கிறான், காணவில்லை (அது ஏற்கெனவே பில்போ கையில் சிக்கிவிட்டது), மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போக வழியும் காட்டுகிறான். கிட்டத்தட்ட மரியாதைக்காரன். பிறகு எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்கிற பெரிய நாவலில் மோதிரம் அவ்வளவு பொல்லாத பொருளாகிவிட்டதால், டோல்கீன் 1951 பதிப்பில் திரும்பி வந்து அத்தியாயத்தை மாற்றினார். முதலில் சொன்னது பில்போ விட்ட பொய் என்று கதைக்குள்ளேயே ஒரு காரணமும் வைத்துவிட்டார். தன் ஓட்டையைப் பாத்திரத்தின் குணமாக மாற்றுகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

குறைகளும் உண்டு. பதின்மூன்று குள்ளர்கள், என் தொண்டையில் நாலு குரல்தான் இருக்கிறது. ஐந்தாறு பேர் தவிர மற்றவர்களை ஆசிரியரே மறந்துவிட்டாரோ என்று தோன்றும். புத்தகம் முழுக்க ஒரு பெண்கூட வாய் திறந்து பேசுவதில்லை. இதை முதலில் கவனித்தது நான் இல்லை, மகள். டிராகனை முடித்து வைக்கிறவர் கதைக்குள் வந்து சில பக்கங்கள்தான் ஆகியிருக்கும். "யாருப்பா இவரு, திடீர்னு?" என்றாள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. பாட்டுகளைத் தாண்டிவிடலாம், நான் தாண்டினேன், யாரும் பிடிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்பு என்று போட்டு விற்கிறவற்றை வாங்குவதற்கு முன் உள்ளே புரட்டிப் பாருங்கள். இன்னொரு பழைய ஃபேண்டசியின் அப்படிப்பட்ட பதிப்பை ஒருமுறை பார்க்காமல் வாங்கிவிட்டேன். யார் எங்கே போனார்கள், யாரைக் கொன்றார்கள் என்கிற விவரம் எல்லாம் வரிசையாக இருந்தது; பயம், சிரிப்பு, காத்திருப்பு மூன்றும் போய்விட்டது. போலீஸ் அறிக்கை படித்த மாதிரி இருந்தது. அதைவிடக் கனமான முழுப் புத்தகத்தை மூன்று மாதம் படிக்கலாம்.

அப்புறம் உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ', 1968. மந்திரவாதி என்றாலே வெள்ளைத்தாடிக் கிழவர்தானா, அவர் சின்ன வயதில் என்னவாக இருந்தார், யாரிடம் படித்தார் என்று ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொண்டதில் பிறந்த கதை. இந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அது தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் வந்துவிடும். அதனால் யாரும் தன் உண்மைப் பெயரை வெளியே சொல்வதில்லை. நாயகனை ஊரே 'வல்லூறு' என்று கூப்பிடுகிறது, நிஜப் பெயர் கெட். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர் ஒன்று என்று அவர்களுக்கே இரண்டு இருக்கிறதே.

எனக்குப் பிடித்த இடம் ஒரு மழை. கெட்டின் முதல் குரு ஓகியன் பெரிய மந்திரவாதி என்று பேர், நிலநடுக்கத்தையே அடக்கியவர். அவர் பின்னாலேயே பையன் நாள் கணக்கில் நடக்கிறான், பாடம் எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டு. மழை வருகிறது. மற்ற மந்திரக்காரர்கள் என்றால் ஒரு வார்த்தை சொல்லி மேகத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். ஓகியன் ஒன்றும் செய்யவில்லை, மழையைப் பெய்யவிட்டு, ஒரு மரத்தடி தேடிப் படுத்துக்கொள்கிறார். பையன் நனைந்த புதரில் குந்தியபடி, இவ்வளவு சக்தி இருந்தும் பயன்படுத்தாவிட்டால் எதற்கு என்று பொருமுகிறான். முழு நாவலும் அந்த ஈரப் புதரில்தான் தொடங்குகிறது. மேகத்தைத் தள்ளினால் அது வேறு எங்கேயோ கொட்டத்தானே செய்யும்? பிற்பாடு பள்ளியில் இன்னொரு மாணவன் முன்னால் சவடால் காட்டப் போய், ஒரு நிழலை இந்த உலகத்துக்குள் அவிழ்த்துவிட்டு, ஓட ஆரம்பிக்கிறான். மந்திரத்துக்கு விலை இருக்கிறது, செய்தவனே கொடுக்க வேண்டும். விலை இல்லாத மந்திரம் உள்ள ஃபேண்டசி எனக்கு இரண்டாவது அத்தியாயத்திலேயே கொட்டாவி வரவைக்கும். எதையும் செய்யலாம் என்றால் எதற்காகப் பயப்படுவது?

கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்று புத்தகத்திலேயே தெளிவாக இருக்கிறது. இருந்தும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையாகவே வரைந்து தள்ளினார்கள், லெ குவின் அதற்காக ஆண்டுக்கணக்கில் கோபப்பட்டார். வாங்கும்போது அட்டையைப் பாருங்கள், வரைந்தவர் உள்ளே படித்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் உரக்கப் படிக்க இது கொஞ்சம் கனம். உரையாடல் குறைவு, பழங்கதை சொல்கிற நடை, ஆறு வயதுக்காரன் மூன்றாம் நாளே குறட்டை. பத்து வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் கொடுங்கள். இரண்டாவது புத்தகமான 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்' ஒரு பெண் பிள்ளையின் கதை, பாதிக்கு மேல் விளக்கே இல்லாத பாதாளச் சுரங்கம், என் கணக்கில் அது முதலாவதைவிட நல்ல நாவல். 1990இல் வந்த 'டெஹானு'வை மட்டும் அதே வரிசைதானே என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது நமக்கு.

விலை பற்றிப் பேச்சு வந்ததால் மிகாயேல் எண்டேயின் 'முடிவில்லாக் கதை'. ஜெர்மன் மூலம் 1979இல் வந்தது, இரண்டு நிற மையில்: நிஜ உலகம் ஒரு நிறம், பாஸ்டியன் என்கிற பையன் ஒளிந்து படிக்கிற புத்தகத்துக்குள் நடப்பது இன்னொரு நிறம். 26 அத்தியாயங்கள், ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். பின்னால் வந்த பேப்பர்பேக்குகள் சிலவற்றில் மை ஒரே நிறம்தான், ஓர் உலகத்தைச் சாய்வெழுத்தில் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். என்னுடையது அந்த ரகம். இரு நிறப் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள், எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று ஆறு வயதுகூட நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடும்.

1984இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். படம் முதல் பாதியோடு சரி, எண்டேவுக்கே அது பிடிக்கவில்லை. கதை கனக்கத் தொடங்குவது இரண்டாம் பாதியில்தான்: பாஸ்டியன் கேட்டதெல்லாம் நடக்கிறது, அழகு, வீரம், எல்லாம், ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் தன் பழைய வாழ்க்கையின் ஒரு ஞாபகம் அழிகிறது. அழிந்தது என்ன என்பதும் அவனுக்கு ஞாபகம் இல்லை. படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். மகள் ஒரு கட்டத்தில் "போதும்னு சொல்லுங்கப்பா அவன்கிட்ட" என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினாள். நடுவில் ஒரு ஐம்பது பக்கம் தொய்வு, அதை மறைக்க மாட்டேன்.

சிரிக்க வேண்டுமென்றால் டயானா வின் ஜோன்ஸ். 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்', 1986. தொப்பிக் கடையில் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற ஸோஃபியை ஒரு சூனியக்காரி ஒரே நொடியில் கிழவியாக்கிவிடுகிறாள். அழுது புலம்புவாள் என்று பார்த்தால், அதுவரை அடக்கி வைத்த பேச்சையெல்லாம் அவிழ்த்து விடுகிறாள்! கிழவிக்கு யாரிடம் பயம்? ஹௌல் என்கிற மந்திரவாதியின் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்து, அடுப்பில் இருக்கிற நெருப்புப் பிசாசோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு, வீட்டைக் கூட்டித் துடைக்கவும் ஆரம்பித்துவிடுகிறாள். இந்தக் குரலைத் தமிழில் சொல்லும்போது எனக்கே குஷி பிறந்துவிட்டது, நாலு குரலும் தேவைப்படவில்லை, என் அத்தை குரல் ஒன்று போதும். அந்த வீட்டுக் கதவின் குமிழில் நாலு நிறம், எந்த நிறத்தைத் திருப்புகிறீர்களோ அந்த ஊரில் கதவு திறக்கும். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் இப்போது நாலு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கடைசி இரண்டு அத்தியாயத்தில் எல்லா முடிச்சையும் ஒரே மூச்சில் அவிழ்க்கிறார், யார் யாராக இருந்தார்கள் என்று எனக்கே குழம்பி, மறுநாள் தனியாக இன்னொரு தடவை படித்தேன்.

சி. எஸ். லூயிஸின் நார்னியா புத்தக வரிசை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: பெட்டியில் எண் போட்டிருக்கிற வரிசையில் படிக்காதீர்கள், 1950இல் முதலில் வந்த சிங்கம், சூனியக்காரி, அலமாரி கதையில் தொடங்குங்கள். அலமாரிக்குள் பனி விழுவதை அந்தச் சிறுமியோடு சேர்ந்து கண்டுபிடிப்பதுதான் ருசி, முன்கதையை முதலில் படித்துவிட்டால் அது காலி.

சின்னவர்களுக்கு இரண்டு. மூமின் என்கிற குண்டுக் குட்டி ஜந்துக் குடும்பத்தைப் பற்றித் தோவே யான்சன் எழுதிய கதைகளில், 1948இல் வந்த மந்திரத் தொப்பி புத்தகம். ஆங்கிலத்தில் 'ஃபின் ஃபேமிலி மூமின்ட்ரோல்' என்று தேட வேண்டும். தொப்பிக்குள் முட்டை ஓட்டைப் போட்டால் ஏறி உட்கார்ந்து பறக்கிற குட்டி மேகங்கள் வருகின்றன. அடுத்து, கண்ணாமூச்சி ஆடும்போது அந்த வீட்டுப் பையன் மூமின்ட்ரோல் அதே தொப்பிக்கு அடியில் ஒளிந்து, உருவமே மாறி வெளியே வருகிறான், அது அவனுக்குத் தெரியாது. கூட்டாளிகள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, இவன் சொல்வதை நம்பவும் இல்லை. அம்மாவிடம் போகிறான். அவள் அந்தப் பயந்த கண்களை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஆமாம், நீ என் பிள்ளைதான் என்கிறாள். இந்த இடத்தில் தம்பி மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து பக்கத்து அறைக்கு அவன் அம்மாவிடம் போய்விட்டு வந்தான்.

இன்னொன்று மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', 1963. மொத்தம் 338 வார்த்தைதான். சேட்டை செய்து சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ், கப்பலேறிப் போய், பூதங்களுக்கு ராஜாவாகித் திரும்புகிறான். படங்களைக் கவனியுங்கள்: முதலில் பக்கத்தின் நடுவில் சின்னச் சதுரம், பையனின் கற்பனை பெருகப் பெருகப் படமும் பெருத்து ஓரங்களைத் தின்றுவிடுகிறது, கூத்து உச்சத்துக்குப் போகும்போது இரண்டு பக்கமும் முழுக்கப் படம், வார்த்தையே கிடையாது. அங்கே படிக்க எதுவும் இல்லை என்பதால் மூன்று பேரும் ஊளைதான் இடுவோம். கடைசிப் பக்கத்தில் தலைகீழ்: படமே இல்லை, அறையில் வைத்திருந்த இரவுச் சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்று மட்டும். ஒரு வருடத்துக்கு மேல் கப்பலில் போய்வந்தவனுக்குச் சாப்பாடு எப்படிச் சூடாக இருக்கும்? அதெல்லாம் கனவு, அவன் எங்கேயும் போகவே இல்லை என்றாள் பத்து வயது, பெரிய மனுஷி.

"இல்ல," என்றான் ஆறு வயது. "அவங்கம்மா தெனமும் சூடு பண்ணிப் பண்ணி வெச்சிருப்பாங்க."