விர்ச்சுவல் மெஷின் விழுங்கிய இடம்: சில வருடப் புழக்கத்தில் கண்டது

ஆபீஸ் லேப்டாப்பில் விண்டோஸும் டபிள்யூஎஸ்எல்லும் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), வீட்டு மெஷினில் லினக்ஸும் கேவிஎம்மும் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, ஓட்டும் வசதி), இரண்டிலும் பழைய வேலைகளுக்காக விர்ச்சுவல்பாக்ஸ் (அதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்). சில வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இரண்டிலுமே 512 ஜிபி எஸ்எஸ்டி என்பதால் இடப் பஞ்சம் தீராது.

சாதாரணமாக, கெஸ்ட்டுக்குள் (உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின்) 20 ஜிபியை அழித்தாலும் ஹோஸ்ட்டில் (அதைத் தாங்கும் நிஜ மெஷின்) ஒரு எம்பிகூடத் திரும்பாது. கோப்பை அழிக்கும்போது கெஸ்ட் தன் கணக்கில்தான் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. கெஸ்ட்டின் டிஸ்க்காக ஹோஸ்ட்டில் இருக்கும் கோப்புக்கு அது தெரியாது. டைனமிக் டிஸ்க் தானாக வளரும், தானாகச் சுருங்காது.

விர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமான வழி, காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி, பிறகு விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு) காம்பாக்ட் செய்வது, அதாவது சுருக்குவது. நிரப்புவதற்கான கருவி லினக்ஸ் கெஸ்ட் என்றால் ஜீரோஃப்ரீ, விண்டோஸ் என்றால் எஸ்டிலீட். ஜீரோஃப்ரீ எக்ஸ்ட்4 வகையறா ஃபைல் சிஸ்டங்களுக்கு மட்டும்தான், அதுவும் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமலோ ரீட்-ஒன்லியாகவோ இருக்க வேண்டும். அதனால் ரெஸ்க்யூ மோடில் பூட் செய்தே ஓட்டுகிறேன். ஸ்னாப்ஷாட் (மெஷினின் பழைய நிலையைச் சேமித்த பதிவு) கிடந்தால் இவ்வளவு பாடுபட்டும் பெரிய பலன் இருக்காது. முதலில் அவற்றை நீக்க வேண்டும். நீக்கும்போது டிஸ்க் கோப்புகளை ஒன்றாக்கும் மெர்ஜுக்கே தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படலாம் என்பதால், டிஸ்க் முழுக்க நிறையும் வரை காத்திருப்பது ஆபத்து. கடன் அடைக்கவே கடன் வாங்குகிற கதை.

எனக்கு நிம்மதி தந்தது கேவிஎம்தான். க்யூகவ்2 (கேவிஎம்மில் வழக்கமான டிஸ்க் கோப்பு வகை) டிஸ்க்கின் அமைப்பில் டிஸ்கார்ட் என்ற இடத்தில் அன்மேப் என்று கொடுத்துவிட்டால், கெஸ்ட் அனுப்பும் டிரிம் (இந்த இடம் காலி என்ற தகவல்) நேராக ஹோஸ்ட் வரை போகிறது. முன்பெல்லாம் இதற்காகவே கெஸ்ட்டின் டிஸ்க்கை இணைக்க விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலர் போடுவார்கள். 2019இல் வந்த கியூஎம்யூ (கேவிஎம்முடன் சேர்ந்து மெஷினை ஓட்டும் மென்பொருள்) 4.0 முதல், விர்ட்ஐஓ பிளாக் என்ற இன்னொரு இணைப்பு வகையிலும் வேலை செய்கிறது. உபுண்டு கெஸ்ட்டில், டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளை வாரம் ஒருமுறை தானாக ஓடும். நான் எதையும் தொடுவதில்லை.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எல்எஸ் கட்டளை காட்டும் கோப்பின் அளவு குறையவே குறையாது, டியூ கட்டளை போட்டுப் பார்த்தால்தான் நிஜ அளவு தெரியும். கோப்பின் நடுவில் ஓட்டை விழுகிறதே தவிர, நீளம் அப்படியேதான் இருக்கிறது. அதே கோப்பை எக்ஸ்ஃபாட் ஃபார்மட் செய்த வெளி டிரைவுக்கு நகலெடுத்தால் ஓட்டையெல்லாம் அடைபட்டு முழு அளவும் போய் உட்காரும். பேக்கப் எடுக்க கியூஎம்யூ-இமேஜ் கன்வர்ட் கட்டளையே நல்லது. கெஸ்ட்டுக்குள் லக்ஸ் என்கிரிப்ஷன் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால், அதன் அமைப்பு இருக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்டைத் தனியாக அனுமதிக்காதவரை டிரிம் வெளியே போகாது. வெளியே போனால் எந்த பிளாக் காலி என்பது டிஸ்க்கைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது பரவாயில்லை, ரகசியம் காக்க வேண்டியவர்கள் யோசித்துச் செய்யவும்.

டபிள்யூஎஸ்எல் கதை வேறு. டாக்கரில் தேவையற்றதை நீக்கும் டாக்கர் சிஸ்டம் ப்ரூன் கட்டளை அடித்து உள்ளே எவ்வளவு காலி செய்தாலும், டபிள்யூஎஸ்எல்லின் டிஸ்க்கான விஎச்டிஎக்ஸ் கோப்பு அசையாது. டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ரீட்-ஒன்லியாக அட்டாச் செய்து, காம்பாக்ட் கொடுக்க வேண்டும். இதே வேலைக்கு ஹைப்பர்-வி (விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) மாட்யூலில் ஆப்டிமைஸ்-விஎச்டி கட்டளை இருக்கிறது, ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையாது. 2023இல் டபிள்யூஎஸ்எல்லில் காலி இடத்தைத் தானாகத் திருப்பித் தரும் ஸ்பார்ஸ் விஎச்டி என்று ஒரு வசதி வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் பிற்பாடு வந்த பதிப்புகள், டேட்டா கெட்டுப்போகலாம் என்று எச்சரித்து அதை முடக்கிவைத்தன. வற்புறுத்தித்தான் இயக்க வேண்டும். வேலைக் கோப்புகள் இருக்கும் இடத்தில் அதைத் தொடப்போவதில்லை, டிஸ்க்பார்ட்டே போதும்.

புதிதாக லினக்ஸ் ஹோஸ்ட்டில் கெஸ்ட் போடுபவர்கள் முதல் நாளே டிஸ்கார்டை இயக்கிவிடுங்கள். ஏற்கெனவே ஊதிப்போன க்யூகவ்2 இருந்தால், மெஷினை அணைத்துவிட்டு விர்ட்-ஸ்பார்சிஃபை கருவியை இன்-பிளேஸ் முறையில் (அதே கோப்பிலேயே) ஓட்டினால் கூடுதல் இடம் கேட்காமலேயே சுருக்கித் தரும்.