98,000 கிலோமீட்டர் ஓடிய இரிடியம் பிளக்குகளும், கழற்ற வராத ஆறாவதும்

பெட்ரோல் பிக்கப் வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றும் காலம் வந்துவிட்டது, நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா, எதைப் போடுவது என்று சென்ற வாரம் கேட்டார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் பிக்கப்பின் ஆறு இரிடியம் பிளக்குகளையும் 98,000 கிலோமீட்டருக்குப் பிறகு கழற்றியிருந்தேன். ஐந்து ஒழுங்காக வந்தன. ஆறாவது, சிலிண்டர் ஹெட்டின் (பிளக்குகள் திருகப்படும் எஞ்சின் மேல்மூடி) மரையையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

கோபம் இன்னும் ஆறவில்லை என்றாலும், அந்தப் பிளக்குகளுக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரிடியம் உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். நிக்கல் 1,455 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் நிக்கல் பிளக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் நடு மின்முனையை, இரிடியத்தில் 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்க முடிகிறது. முனை கூர்மையாக இருந்தால் பொறி எளிதில் தாவும். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கும் சுமை குறையும். முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. சோர்ந்த பிளக் முதலில் மிஸ் அடிப்பது, அதாவது பற்றவைக்கத் தவறுவது, அந்த இடத்தில்தான். இத்தனை கிலோமீட்டரில் என் வண்டி ஒரு முறைகூட அப்படித் திணறியதில்லை. பூட்டும்போது 1.1 மில்லிமீட்டராக இருந்த, பொறி தாவும் மின்முனை இடைவெளி, கழற்றி அளந்தபோது 1.2 ஆகத்தான் இருந்தது. முன்பு போட்டிருந்த நிக்கல் பிளக்குகள் இதில் பாதித் தூரத்துக்குள்ளேயே இவ்வளவு தேய்ந்திருந்தன. மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் மட்டும் ஏமாறுவார்கள். இரண்டிலும் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

இனி ஆறாவது பிளக்கைப் பற்றி. என் எஞ்சினின் பின்வரிசைப் பிளக்குகள் மூன்றும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) அடியில் இருக்கின்றன. நீண்ட ஆயுள் என்பதே அவற்றை அத்தனை ஆண்டுகள் தொடாமல் விடுவதற்கான அழைப்பாகிவிடுகிறது. பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம்; ஈரம் பட்டால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஆறாவது குழியில் காயில் உறையின் ரப்பர் இறுகிப்போய் ஈரம் இறங்கியிருந்தது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாகத் திருப்பித்தான் எடுத்தேன். முதலில் கிறீச்சென்ற சத்தம். பிறகு பானா திடீரென்று இலகுவாகச் சுழன்றது. வெளியே வந்த பிளக்கின் மரையில் வெள்ளிநிற அலுமினியச் சுருள் ஒன்று சுற்றியிருந்தது. முனையோ இன்னும் 20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும் போலப் பழுப்பு நிறத்தில் சுத்தமாக இருந்தது. மரைக்கு ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச்சுருள்) போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பூட்டியபோதே மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசையை (ஆன்டி-சீஸ்) தடவியிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். முலாம் பூசிய மரைக்கு அது தேவையில்லை என்று என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பசை வழுக்குவதால், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் பானா) காட்டும் அதே அளவிலேயே பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். நான் மரையை உலர்வாக வைத்து, கையேடு சொன்ன அளவுக்கு மேல் ஒரு நூலும் இறுக்காமல்தான் பூட்டினேன். இனியும் பசை தடவப் போவதில்லை.

வாங்கும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். பிளக் தன் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் வெப்ப வரிசை எண், என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் கூடக் கூடப் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் அப்படியே தலைகீழ். ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொன்றின் பிளக்கைத் தேர்ந்தெடுத்தால், எஞ்சினுக்கு ஒவ்வாத சூட்டில் வேலை செய்யும் பிளக் கைக்கு வந்துவிடும். எஞ்சின் கையேட்டில் உள்ள எண்ணுக்கு இணையானதை அந்தந்தத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்ப்பதே சரியான வழி. இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் பங்கிடும் எஞ்சினாக இருந்தால், பாதிப் பிளக்குகளில் பொறி எதிர்த்திசையில் பாய்ந்து மறு மின்முனையும் தேயும் என்பதால், இரு மின்முனையிலும் பிளாட்டினம் உள்ள வகை பொருத்தமானது.

பொறி, தேய்மானம், உழைப்பு என எதை எடுத்தாலும் இரிடியமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும், மரை இறுகிப்போகும் முன்பே பிளக்கைக் கழற்ற வேண்டி வரட்டும் என்று, பட்டியலில் என் எஞ்சினுக்கு நிக்கல் வகையும் இருந்ததால், இம்முறை ஆறு நிக்கல் பிளக்குகளைத்தான் பூட்டியிருக்கிறேன். 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மேனிஃபோல்டைக் கழற்றி, புதுக் கேஸ்கெட் போட வேண்டியிருக்கும். தெரிந்தேதான் செய்தேன். நண்பரின் எஞ்சினில் எல்லாப் பிளக்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. அவருக்கும் நிக்கலையே சொல்லியிருக்கிறேன்.