ஏர் கிளீனருக்காக பானட்டை வெட்டலாமா?

அறுபது, எழுபதுகளின் அமெரிக்க வி8 கார்களைத் தேடிப்பிடித்துச் சீரமைப்பவர்கள் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார்கள். செவர்லேயின் ஷெவெல்லிலோ கமேரோவிலோ உள்ள 350 கன அங்குல இன்ஜினில் உயரமான சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டை (கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையை எல்லா சிலிண்டருக்கும் ஒரே அறை வழியாகப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) மாட்டுகிறார்கள். கார்புரேட்டர் மேலே ஏறிவிடுகிறது, ஏர் கிளீனர் இடித்து பானட் மூட மறுக்கிறது. உடனே கட்டிங் வீல் கைக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கு மனசு பதறும். கம்பெனியில் அச்சடித்து வந்த பழைய தகடு ஒருமுறை போனால் போனதுதான்.

முதலில் எவ்வளவு இடிக்கிறது என்று பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயின் விளிம்பில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பானட்டை மெல்ல இறக்கித் தூக்குங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடம்.

ஓர் அங்குலம்போலத்தான் குறைகிறது என்றால், அடித்தட்டு பள்ளமாக இறங்கிய டிராப் பேஸ் ஏர் கிளீனரே போதும். 350 போன்ற செவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜின்களில், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால், அதன் மூடியில் தட்டு உரசுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 3 அங்குல ஃபில்டரை எடுத்துவிட்டு 2 அங்குல ஃபில்டர் போடுவது இதைவிட மலிவு. ஆனால் மூடி கார்புரேட்டர் வாயை நெருங்கி, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மூச்சை அடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேஸுக்குப் போகாமல் ரோட்டில் மட்டும் ஓடும் கார் என்றால், பாதைகள் இரண்டாகப் பிரிந்த, உயரம் குறைந்த டூயல் பிளேன் மேனிஃபோல்டுக்கே திரும்பிவிடலாம். கீழ் ஆர்பிஎம்மில் இழுவையும் நன்றாக இருக்கும்.

குளிர்ந்த காற்றும் வேண்டும், உயரமும் வேண்டும் என்பவர்களுக்கு என் தேர்வு கவுல் பானட்: நடுவே மேடாக உயர்ந்து, முன்கண்ணாடியை நோக்கி வாய் திறந்த பானட். 1969 கமேரோவிலும் 1970 ஷெவெல் எஸ்எஸ்ஸிலும் செவர்லேயே இதைக் கொடுத்தது. ஓடும் காரின் முன்கண்ணாடி அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடுதல்; பின்பக்கம் திறந்த வாய் அந்தக் காற்றை எடுத்துக்கொள்ளும். ஷெவெல்லில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் திறக்கும் ஒரு மடலும் உண்டு. முன்பக்கம் பார்த்த ஸ்கூப்தான் (காற்றைப் பிடிக்கும் கூண்டு) காற்றைத் திணிக்கும் என்று நம்புகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 100 கி.மீ. வேகத்தில் அதிகபட்சம் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் அரை சதவீதம்கூட இல்லை. காற்று 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தாலே அடர்த்தி சுமார் 1 சதவீதம் ஏறும். பானட்டுக்குள் கொதிக்கும் காற்றைத் தவிர்ப்பதில்தான் லாபம். ஃபைபர்கிளாஸ் கவுல் பானட்டில் இடுக்குகளைச் சரிசெய்யப் பட்டி வேலை கொஞ்சம் இருக்கும். இருந்தாலும் ஒரிஜினல் பானட்டைப் பத்திரமாக எடுத்துவைத்துவிடலாம்.

வெட்டுகிற வழிகளில் அழகும் அறிவும் சேர்ந்தது ஷேக்கர். 1969 முஸ்டாங் மாக் 1, 1970 பிளைமவுத் குடா கார்களில் ஸ்கூப் இன்ஜின்மேல் உட்கார்ந்து, பானட் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். மிதிக்கும்போது இன்ஜின் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடது) எழும்பி எதிர்ப்பக்கம் சாய்வதால் அதுவும் ஆடும். எனவே ஓட்டையைச் சுற்றி இடைவெளியும் ரப்பர் விளிம்பும் அவசியம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். மவுன்ட் முறிந்து இன்ஜின் எழும்பும் ஆபத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

வெறும் ஓட்டை போட்டு ஏர் கிளீனரை வெளியே நீட்டிவிடுவது இன்ஜின்மேல் உட்காரும் 6-71 சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தித் தரும் கருவி), டனல் ராம் (மிக உயரமான ரேஸ் மேனிஃபோல்டு) போன்றவற்றுக்கு மட்டுமே பொருந்தும். அந்த உயரத்துக்கு வேறு வழி கிடையாது. மற்ற கார்களில் மழை பெய்தால் காகித ஃபில்டர் ஊறும். உள்பக்க வலுவூட்டும் சட்டம் அறுபட்டால் வேகத்தில் பானட் படபடக்கும்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால், பழைய பானட் இன்னொன்று வாங்கி அதை வெட்டுங்கள். ஏர் கிளீனர் திருகின் நுனியில் கிரீஸ் தடவி, பானட்டை அதன்மேல் இறக்கி மையத்தைக் குறித்துக்கொண்டு, சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்குங்கள். பின்பக்கக் கீலில் பானட் மேலெழும்போது பின்னோக்கியும் நகரும் என்பதால், ஓட்டையின் முன்விளிம்பில் கூடுதல் இடம் விட வேண்டும். விளிம்பை மேல்நோக்கி மடித்துவிட்டால் பானட்மேல் ஓடும் தண்ணீர் உள்ளே இறங்காது. வெட்டிய அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். துரு அந்த விளிம்பில்தான் தொடங்கும்.