அரோவானா மீன் தொட்டிக்கு மேல மூடுற கவர் செய்யக் குடுக்குறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

கோவம் இன்னும் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ரூ.6,800 வாங்கிட்டு, மீன் குதிச்சாலும் அசையாதுன்னு சொல்லி செஞ்சு குடுத்த கவர், அது உடைஞ்சு எங்க சில்வர் அரோவானா முந்தாநாள் ராத்திரி வெளிய விழுந்து செத்துப்போச்சு. கடை பேரு போடல. அளவெடுத்து தொட்டி, ஸ்டாண்ட், கவர் எல்லாம் செஞ்சு தர்ற பெரிய ஷோரூம், இன்ஸ்டால ஓயாம ரீல்ஸ் போடுவாங்க, அந்த மாதிரி கடை.

கொளத்தூர் மார்க்கெட்ல விரல் நீளத்துல இருக்கும்போது வாங்கி, ஆக்சிஜன் அடைச்ச பாக்கெட்ல வச்சு ரயில்ல மடியிலயே கொண்டுவந்த மீன் அது. ஒண்ணரை அடிக்கு மேல வளந்துருச்சு, அதான் அஞ்சடி தொட்டிக்கு மாத்தினோம். அரோவானா வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், இது அமேசான் பக்கத்து மீன், காட்டுக்குள்ள வெள்ளம் ஏறுற காலத்துல தண்ணிக்கு மேல தொங்குற கிளைல இருக்கிற வண்டு பூச்சிய எம்பிப் புடிச்சு திங்கிற மீன். வாயே மேல பாத்துதான் இருக்கும். தொட்டில வளந்தாலும் அந்தக் குணம் போகாது. இதெல்லாம் அந்தக் கடைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்ல, அவரே என்கிட்ட சொன்னாரு, அதுலதான் நான் நம்பினேன்.

அன்னிக்கு அவர் பேசினது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. ஷோரூம்ல ஒரு கவர எடுத்து முன்னாடி வச்சு, விரல் முட்டியால தட்டிக் காட்டி, "அக்கா, இது அலுமினிய ஃப்ரேம், உள்ள 5 எம்எம் கண்ணாடி, ரெண்டு பக்கமும் லாக், என் வீட்டு அரோவானாவுக்கும் இதேதான் போட்டிருக்கேன், நம்பி வாங்கிட்டுப் போங்க"ன்னு சொன்னாரு. அவர் வீட்டு மீன் வீடியோவும் காட்டினாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. முழுக் காசும் முன்னாடியே குடுத்தாதான் வேலைய ஆரம்பிப்போம்னாரு, ரூ.6,800 அங்கயே ஜிபே பண்ணேன். பில்லுல "அரோவானா கவர் செட் 1"னு மட்டும் எழுதினாங்க.

வந்தது என்ன தெரியுமா? அக்ரிலிக் ஷீட்டு, அதாவது பிளாஸ்டிக். ஃப்ரேம் கிடையாது, கண்ணாடி கிடையாது, லாக்குக்குப் பதிலா நாலு பிளாஸ்டிக் க்ளிப். மாட்ட வந்த பையன்கிட்ட கேட்டா "இதான் இப்ப லேட்டஸ்ட் மாடல், கண்ணாடி வெயிட்டு, உங்களால தூக்க முடியாது"ன்னுட்டு கிளம்பிட்டான். ஃபோன் பண்ணேன், ஓனரும் அதேதான் சொன்னாரு, கண்ணாடிய விட இது ஸ்ட்ராங்க்காம்.

மெல்லிசான அக்ரிலிக்க தொட்டி மேல போட்டா அடிப்பக்கம் ஈரமா இருக்கும், மேல்பக்கம் காஞ்சு கிடக்கும், கொஞ்ச நாள்லயே வளைய ஆரம்பிச்சிரும். எங்களுதும் வளைஞ்சிச்சு. ஃபில்டர் பைப்புக்கு வெட்டுன மூலைல ரெண்டு விரல் போற அளவுக்கு கேப் வந்துருச்சு, க்ளிப் ஒண்ணு தெறிச்சு விழுந்துச்சு. போட்டோ எடுத்து அனுப்பினேன், "மேல ஏதாச்சும் கல்லு வைங்கக்கா, பையன அனுப்புறேன்"னு வாய்ஸ் மெசேஜ். பையன் வரவே இல்ல. கல்லுன்னு நான் அம்மிக்குழவியத்தான் எடுத்து வச்சேன்.

முந்தாநாள் நைட்டு கரண்ட் போய் திரும்ப வந்துச்சு, தொட்டி லைட்டு படக்குன்னு எரிஞ்சதுல மிரண்டிருக்கும்னு நினைக்கிறேன். காலைல பாத்தா குழவி வச்ச இடத்துலயே இருக்கு, பைப் மூலைல மட்டும் அக்ரிலிக் பிளந்து ஒரு துண்டு தண்ணில மிதக்குது. மீன் சோபாவுக்கு அடியில விறைச்சுப் போய் கெடந்துச்சு. டைல்ஸ் இடுக்குல பெரிய செதில் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன். பொண்ணு ஸ்கூலுக்கே போகல.

இதுக்கப்புறம் அவங்க பேசினத கேளுங்க. மொதல்ல "மீன்னா குதிக்கத்தான் செய்யும், அதுக்கு நாங்க என்ன பண்றது". அப்புறம் "ஓனர் வெளியூர் போயிருக்காரு". நேர்லயே போனேன், ஓனர் கல்லாப்பெட்டி முன்னாடி உக்காந்திருக்காரு! பில்ல வாங்கிப் பாத்துட்டு "இதுல கண்ணாடின்னு எங்கக்கா எழுதியிருக்கு, கவர்னுதான போட்டிருக்கு"ன்னு கேக்குறாரு, எனக்கு தட்டிக் காட்டுன அதே மனுஷன். கடைசில பெரிய மனசு பண்றாராம், புது அரோவானா குட்டி வாங்கினா 20 பர்சன்ட் கம்மி பண்ணித் தர்றாராம். நான் மீனுக்கு காசே கேக்கல சார், என் ரூ.6,800 குடுங்கன்னேன், அடுத்த கஸ்டமர்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. இப்ப வாட்ஸ்அப்ல பிளாக். 1915க்கு ஃபோன் பண்ணி நுகர்வோர் புகார் குடுத்திருக்கேன், பாப்போம்.

டிப்ஸ் எல்லாம் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பாத்துக்கோங்க. பில்லுல கண்ணாடியா அக்ரிலிக்கா, எத்தன எம்எம், லாக் உண்டா, எல்லாம் எழுத வைங்க, எழுதாம ஒரு ரூபா குடுக்காதீங்க. மாட்டிப் பாத்துட்டு மீதி காசு குடுங்க. பைப், ஒயர் போற ஓட்டைய ஸ்பாஞ்ச் வச்சோ வலை வச்சோ அடைங்க, பெரும்பாலும் அந்த வழியாத்தான் போகுது. தண்ணிய விளிம்பு வரைக்கும் நிரப்பாம நாலஞ்சு இஞ்ச் கம்மியா வைங்க. கரண்ட் வந்தா தானா எரியுற மாதிரி தொட்டி லைட்ட விடாதீங்க. விழுந்த மீன்ல செவுள் அசைஞ்சா காஞ்ச துணியால புடிக்காம கைய நனைச்சு எடுத்து உடனே தண்ணில விட்டு ஏர் பம்ப் ஃபுல்லா வைங்க, சிலது பிழைச்சிரும். சன்னா (விரால் வகை மீன்) வளக்குறவங்க கவர இறுக்கமா போட்டாலும் தண்ணிக்கும் கவருக்கும் நடுவுல காத்துக்கு இடம் விடுங்க, அது மேல வந்து மூச்சு வாங்குற மீன்.

எங்க சித்தப்பா பையன் அதே கடைல அதே கவருக்கு அட்வான்ஸ் குடுத்து வச்சிருக்கான், நேத்துதான் தெரிஞ்சுது, காச திரும்பக் கேட்டா இழுத்தடிக்கிறாங்க. இந்த மாதிரி கடைகிட்ட அட்வான்ஸ திரும்ப வாங்குனவங்க யாராவது இருந்தா எப்படி வாங்குனீங்கன்னு சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க.