கழிவா, கொப்பியா: ஏ35 வீதியில் இரண்டு வியாபார வழிகள்

கிளிநொச்சியில் கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறோம். நானும் மச்சாளும் 2019இல் தொடங்கியது. தொடங்கி மூன்றாம் மாதமே இருவருக்கும் சண்டை. அவளுக்கு விலைக்கழிவு, பேஸ்புக் விளம்பரம், நாடு முழுக்கப் பார்சல். எனக்கு ஏ35, அதாவது பரந்தன் முல்லைத்தீவு வீதி. வாரத்துக்கு ஒருதரம் ஸ்கூட்டியில் பரந்தனில் இருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று போய், வீட்டு வாசலில் கொடுத்து, கையில் காசில்லாதவர் கணக்கைக் கொப்பியில் எழுதி வருவது. கடைசியில் இரண்டையும் செய்து பார்த்தோம்.

விலைக்கழிவின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம். ஒரு கிழமையில் வந்த ஓடர், நான் இரண்டு மாதம் வீதியில் அலைந்து பிடித்ததை விட அதிகம். தூரத்து ஊர்களில் எங்கள் பெயர் தெரிந்ததும் அதனால்தான்.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்லியது. ஒரு பக்கற்றில் 60 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 50 ரூபாய் கழிவு கொடுத்தால் மீதி 10. பொருள் கைக்கு வந்தபின் காசு என்பதால், வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் போகிற கூலியும் வருகிற கூலியும் எங்கள் தலையில். அவர் அடுத்த தடவை முழு விலைக்கு வாங்கினால்தான் இது வியாபாரம். அநேகர் வாங்கவில்லை. அடுத்த கழிவு எப்போது என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் வீடு துப்புரவாக்கும் ஹோம்ஜாய் என்ற நிறுவனம் முதல் தடவையை 19 டொலருக்குக் கொடுத்து ஆட்களைச் சேர்த்தது. கோடிக்கணக்கில் முதலீடு வந்தும் 2015இல் மூடினார்கள். வேலையாட்கள் தொடர்பான வழக்குகளும் காரணம்தான். ஆனாலும் மலிவுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வராதது அதன் அடியில் இருந்த ஓட்டை.

கழிவு எங்கே சரிவரும் என்றால், போகிறவர் வருகிறவரிடம். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கச்சான் விற்கிறவருக்கு, அடுத்த மாதம் நீங்கள் யாரிடம் வாங்குவீர்கள் என்ற கவலை கிடையாது. ஒரு பிடி அள்ளித் தந்து, தின்று பாருங்கோ என்பார். அது அந்த இடத்துக்கு ஏற்ற வியாபாரம். (கச்சான் விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள், அது வேறு.)

சரி, கொப்பி. முதல் மாதம் விசுவமட்டுப் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஏனென்று பிறகுதான் விளங்கியது. கொப்பியும் கையுமாக வாராவாரம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் என்றால் எங்கள் பக்கத்தில் அவர் குழுக்கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடன்) அறவிட வந்தவர். போருக்குப் பிறகு நுண்கடன் வன்னிப் பெண்களை எப்படிப் பிழிந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. அப்படியான முற்றத்தில் போய் நின்று “கடனுக்குத் தாறன், பிறகு தாங்கோ” என்றால் யார் நம்புவார்கள்?

அதனால் மூன்று விஷயத்தை மாற்றினோம். ஒரே கணக்கை இரண்டு கொப்பியில் எழுதினோம், ஒன்று அவர்கள் வீட்டிலேயே இருக்கும். வட்டி இல்லை. காசு கேட்க என்று தனியாக ஒரு நாளும் போகமாட்டோம், சாமான் கொடுக்கப் போகும்போது தந்தால் வாங்குவோம். வயல்காரருக்குக் காலபோக (மாரிகால நெல்) அறுவடை வரை தவணை.

இரண்டு வழிக்கும் உண்மையான வித்தியாசம் ஒரு கார்த்திகை மழையில் தெரிந்தது. மிளகாய் சரியாகக் காயாமல் அரைத்துவிட்டோம். பிழை எங்களுடையது. பூஞ்சண மணம். தருமபுரத்து அம்மா ஒருவர் போனடித்தார்: “பிள்ளை, இந்தத் தூள் ஒரு மாதிரி மணக்குது. உமக்குச் சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லுறது?” அன்றைக்கே அரைப்பை நிறுத்தி, அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி எடுத்தோம். அதே தூள் கழிவு விலையில் தூர ஊர்களுக்கும் போயிருந்தது. அங்கேயிருந்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நாங்களாகவே கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தபோது, “ஓம், எறிஞ்சிட்டம்” என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல என்ன இருக்கு, இனி வாங்கமாட்டம் என்பதுதான் பதில். முறைப்பாடு வந்தால் முன்பெல்லாம் எனக்கு முகம் சுருங்கும். இப்போது முறைப்பாடே வராத பக்கத்தைப் பார்த்தால்தான் பயம்.

கொப்பி வழியைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனமில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும் அடுத்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது. வயல்காரர் தரவில்லை, தர ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் டொலர் வேறு 200 ரூபாயில் இருந்து 2022 மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருவது. விலை எங்கே போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்சலில் முழுக்கக் கைக்காசு ஓடிய மச்சாளின் பக்கம்தான் அந்த மாதங்களில் மில் கூலியைக் கட்டியது. இதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

விலையை ஏற்றாமல் 100 கிராமை 85 ஆக்கினால் யாருக்கும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. பார்சல் பக்கத்தில் அது ஓடியிருக்கும். ஏ35இல் ஓடாது, அங்கே கையிலெடுத்தே நிறை சொல்லும் ஆட்கள். எடையைத் தொடாமல், ஏறப்போகும் விலையை ஒரு கிழமைக்கு முன்பே வாசலில் சொன்னோம். சிலர் அளவைக் குறைத்தார்கள். விட்டுப்போனவர் மிகக் குறைவு.

மூன்றாவதாக வெளிநாட்டு உறவுகள். கனடா, லண்டனில் இருந்து ஆடி ஆவணியில் வருகிறவர்கள் கிலோக்கணக்கில் கொண்டுபோவார்கள். நல்ல காசு. பத்து மாதம் அதை நம்பி இருக்க முடியாது.

வெளி முதலீடு வாங்காமல் 1996இல் தொடங்கி மெதுவாக வளர்ந்த சோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. எங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு நாங்கள் பெரிசில்லை, ஆனால் அவசரம் கட்டாயமில்லை என்பதற்கு அது போதும்.

ஆக, தொடங்குகிறவர் என்னைக் கேட்டால் கொப்பி, ஆனால் எல்லை போட்ட கொப்பி. இப்போது ஒரே நேரத்தில் 40 வீட்டுக்கு மேல் எழுதுவதில்லை, பழைய கணக்கு பாதியாவது தீராமல் புதுசு இல்லை. கழிவுக்குப் போகிற காசை மச்சாள் பெட்டிக்குள் வைக்கும் மாதிரிப் பக்கற்றுக்கு மாற்றிவிட்டாள், கூடவே எங்கள் போன் நம்பரும். 2022 நிலுவையில் இன்னும் மூன்று பெயர் வெட்டப்படாமல் இருக்கிறது. அதில் ஒருவர் போன மாதம் காசுக்குப் பதிலாக அரை மூடை நெல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இரண்டு பேரும் இன்னும் சண்டை.