சோவின் துக்ளக்: ஒரு நெடுநாள் வாசகனின் அனுபவம்

துக்ளக் வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் முதலில் புரட்டுவது கேள்வி-பதில் பகுதியைத்தான். அப்பாவா நானா, யார் முதலில் படிப்பது என்று தகராறே நடக்கும். ஓர் அரசியல் பத்திரிகைக்கு இப்படி அடித்துக்கொள்ள வைத்தது, அதன் ஆசிரியர் சோ ராமசாமிக்குள் இருந்த நாடகக்காரர்தான் என்பது என் திடமான கருத்து.

வக்கீலாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர். 1963-ல் 'பார் மகளே பார்' படத்தில் சினிமாவுக்கு வந்தார். நகைச்சுவை நடிகராகக் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே, 1970 பொங்கலன்று பத்திரிகை ஆரம்பித்தார். பெயர், அவருடைய 'முகமது பின் துக்ளக்' நாடகத்திலிருந்து வந்தது. அதில் பிரதமராகிவிடும் பழைய டெல்லி சுல்தான் துக்ளக், தன் பக்கம் தாவி வருகிற எம்.பி.க்களை எல்லாம் துணைப் பிரதமராக்குவார். மொழிச் சண்டைக்கு முடிவு கட்டப் பாரசீகத்தைக் கொண்டுவருவார். 1971-ல் வந்த அதன் திரைப்படத்தை இப்போது போட்டுப் பார்த்தாலும், கட்சித் தாவல் காட்சிகள் போன வாரம் எழுதியவை போலிருக்கின்றன.

பத்திரிகையிலும் மேடையிலும் இதே உத்திதான். எதிராளியின் வாதத்தை மறுக்க மாட்டார். 'சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்' என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார். 2007 குஜராத் தேர்தலில் சோனியா காந்தி பேசிய 'மரண வியாபாரி' என்ற சொல் மோடியைப் பல வருடம் துரத்தியது. 2012 ஜனவரியில் துக்ளக் ஆண்டுவிழாவுக்கு வந்திருந்த மோடியை, சோ அதே சொல்லைச் சொல்லித்தான் பேச அழைத்தார். பிறகு, பயங்கரவாதத்துக்கு மரண வியாபாரி, ஊழலுக்கு மரண வியாபாரி என்று அடுக்கினார். மோடியைப் பிடிக்காதவர்கள்கூட அந்த நிமிடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும்.

நெருக்கடி நிலையை எதிர்த்தார். தமிழ்நாட்டில் அனுதாப அலை வீசிய நாட்களிலும் விடுதலைப் புலிகளை எதிர்த்தார். காலமெல்லாம் தி.மு.க.வை விமர்சித்தவர், 1996-ல் ஜெயலலிதா ஆட்சி போக வேண்டும் என்று தி.மு.க.-தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணி அமைய முன்நின்றார். சந்தா கட்ட என்னைத் தூண்டியது அந்தத் துணிச்சல்தான். பின்னாளில் ஜெயலலிதாவை ஆதரித்து எழுதியவற்றில் அந்தக் கூர்மை இல்லை. ஆதரிக்கும்போது அவருடைய நகைச்சுவை மங்கிவிடும். அவருக்கு எதிர்க்கத்தான் ஓர் ஆள் வேண்டும்.

பெண்ணுரிமை பற்றி அவர் எழுதியவற்றை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. அந்த மாதிரி எழுத்து வந்தால் என் அக்கா பத்திரிகையை மூடி வைத்துவிடுவாள். அவள் கோபம் நியாயமானது. ஆனால் இடஒதுக்கீடு பற்றி அவரோடு முழுக்க முரண்பட்ட அப்பா, அவருக்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு வரி விடாமல் படிப்பார். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் அரசியல் பேசப் பழகியது அப்படித்தான்.

2016 டிசம்பரில் சோ மறைந்த பிறகு குருமூர்த்தி ஆசிரியரானார். பொருளாதாரக் கட்டுரைகளுக்கு எடை கூடியிருக்கிறது. ஆனால் கேள்வி-பதிலைப் படித்து வாய்விட்டுச் சிரித்தது அதோடு போயிற்று. சந்தாவைத் தொடர்கிறேன், ஆனால் இப்போது கட்டுரைகளிலிருந்து தொடங்குகிறேன்.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் பழைய அரசியல் தலையங்கங்களில் ஆரம்பிக்க வேண்டாம். பாதிப் பெயர்கள் புரியாது. 'முகமது பின் துக்ளக்' படத்தை முதலில் பாருங்கள். அடுத்து அல்லயன்ஸ் பதிப்பகம் வெளியிட்ட 'மகாபாரதம் பேசுகிறது' தொகுதிகளை எடுங்கள். அவருடைய அரசியல் பிடிக்காதவர்களுக்கும் அந்த எளிய உரைநடை பிடிக்கும்.