மேடை மைக் கேபிள்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இரைச்சலைத் தடுக்கும் செம்புப் பின்னல் உறை (ஷீல்டு) போட்ட சாதாரண இரட்டைக் கம்பி மைக் கேபிள், 10 மீட்டரிலும் 20 மீட்டரிலும். ஐந்து ஆண்டு மேடைக்கு மேடை ஏறி இறங்கியும் ஒலியின் தரம் இம்மியும் குறையவில்லை. பழுதானதெல்லாம் கனெக்டரின் கழுத்துப் பகுதிதான்.

நீளம் கூடினால் ஒலி மங்கும் என்ற பயம் மைக்குக்குப் பொருந்தாது. வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சுமார் 200 ஓம். கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால், 100 மீட்டர் இழுத்தாலும் உச்ச ஒலியின் சரிவு தொடங்குவது 80 கிலோஹெர்ட்ஸ் பக்கம். காதின் எல்லையோ 20. பேட்டரி இல்லாத (பேசிவ்) பிக்கப் உள்ள கிட்டார் வேறு கதை. அதன் மின்மறுப்பு பல மடங்கு அதிகம் என்பதால் 6 மீட்டரைத் தாண்டினாலே உச்ச நாதம் மழுங்கும்.

மைக் கேபிளின் XLR கனெக்டரில் மூன்று முனைகள் (பின்கள்): 1 ஷீல்டுக்கு, 2-உம் 3-உம் சிக்னலுக்கு. பின் 2, பின் 3 இரண்டிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடுகிறது. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது அடிபட்டுப் போகிறது. ஆனாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் லைட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டுமானால் செங்கோணமாகக் கடக்கட்டும்.

பழுதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். பின் 1-இல் ஷீல்டு அறுந்தால் டைனமிக் மைக் ‘ம்ம்’ என்ற ரீங்காரத்தோடு (ஹம்) பேசும். மிக்சர் தரும் 48 வோல்ட்டில் இயங்கும் கண்டென்சர் மைக்கோ, அந்த மின்சாரம் திரும்பிவர வழியில்லாமல் ஊமையாகும். பலர் நல்ல மைக்கைப் பழுதென்று ஒதுக்குவது இங்கேதான். பின் 2 அல்லது 3 விட்டுப்போனால் குரல் மெலிந்து ஒலிக்கும். சால்டர் செய்யும்போது ஒரு முனையில் மட்டும் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிவிட்டால் தனியாகக் கேட்கையில் எதுவும் தெரியாது. பேச்சு மேடையில் இரண்டு மைக்கைச் சேர்த்து வைத்ததும் இரண்டின் சிக்னலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, குரலின் கனம் காணாமல் போகும்.

கழுத்தில் அறுந்ததை அந்த இடத்திலேயே ஒட்டவைப்பது வீண். உள்ளே செம்பு களைத்திருக்கும். 5 சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். மேலுறையை 20 மில்லிமீட்டர் உரித்து, ஷீல்டுக்குத் தனி ஸ்லீவ் போட்டு, கம்பி முனையில் 3 மில்லிமீட்டருக்கு ஈயம் பூசிப் பற்றவையுங்கள். கிளாம்ப் மேலுறையைக் கடித்துப் பிடிக்க வேண்டும். உள்கம்பியைப் பிடித்தால் இழுவிசை முழுவதும் சால்டரில் விழும். பிறகு மல்டிமீட்டரில் 1-1, 2-2, 3-3 மட்டும் பீப் அடிக்கிறதா என்று, கழுத்தை ஆட்டியபடியே பாருங்கள்.

முழங்கையில் சுற்றுவது கேபிளுக்கு எமன். ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறி உள்கம்பி நெளியும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்ளாக என்று மாற்றிச் சுற்றினால் முறுக்கு தங்காது. சுருள் ஷீல்டு கேபிள் விலை குறைவு, சால்டர் செய்யவும் எளிது; ஆனால் அடிக்கடி மடங்கினால் இழைகள் விலகி இடைவெளி விழும். ஃபாயில் ஷீல்டு, சாதனங்களை அடுக்கும் ரேக்குக்குள் அசையாமல் கிடக்கும் வயரிங்குக்கு மட்டும்.